கொழும்பில் ஒரு முதியவருக்கோ மாற்றுத்திறனாளிக்கோ பாதுகாவலராகப் பொறுப்பேற்பது எப்படி: முதல் சந்திப்பிலிருந்து கணக்கு ஒப்படைப்பு வரை

பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிற அம்மா. அண்ணன் இறந்தபின் பார்க்க ஆளில்லாமல் கொட்டாஞ்சேனையில் நிற்கிற, அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள தம்பி. இப்படிப்பட்ட ஒருவருக்காக முடிவெடுக்கும் பொறுப்பை ஏற்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் உறவினராக இருக்கலாம், குடும்ப நண்பராக இருக்கலாம், கோயில் அல்லது தேவாலயச் சபை கேட்டுக்கொண்டதால் வந்தவராகவும் இருக்கலாம்.

சில நாடுகளில் இதற்கென்றே அரச அலுவலகமும் முழுநேர உத்தியோகத்தர்களும் உண்டு. இங்கே மாவட்ட நீதிமன்றம் நியமிக்கும் ஒரு தனி ஆள்தான் பெரும்பாலும் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறார். அதனால் வேலையின் ஒழுங்கு முக்கியம். புதிதாக வருகிறவர்கள் முதல் வேலையாகச் சட்டத்தரணியைத் தேடிப் போகிறார்கள். நான் சொல்லும் ஒழுங்கில் நீதிமன்றம் ஆறாவதாக வருகிறது. முந்திய ஐந்தையும் சரியாகச் செய்தால் சிலருக்கு வழக்கே தேவைப்படாது.

1. முதலில் சேர்க்க வேண்டிய பத்திரங்கள்

அவருடைய தேசிய அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், கிளினிக் கொப்பி, இப்போது குடிக்கும் மருந்துகளின் பட்டியல், வங்கிப் புத்தகங்கள், ஓய்வூதிய இலக்கம். இவற்றின் மூலப்பிரதிகளை நீங்கள் எடுத்துப்போக வேண்டாம். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே வையுங்கள். அதிகாரம் இல்லாத காலத்தில் மூலப்பத்திரம் உங்கள் கையில் இருந்தால் பின்னால் அதுவே சந்தேகமாகும்.

அடுத்தது வதிவிடம். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து முகவரி இருக்கும். ஆள் கொழும்பில் பல வருடமாக இருப்பார். ஆனால் இங்குள்ள கிராம உத்தியோகத்தரிடமோ வாக்காளர் இடாப்பிலோ பெயர் இருக்காது. வதிவிடச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் எதுவும் நகராது. ஆகவே முதல் வாரத்திலேயே கிராம உத்தியோகத்தரைப் பார்த்து, வாடகை ஒப்பந்தம் அல்லது மின்சாரப் பட்டியலைக் காட்டிப் பதிவைத் தொடங்குங்கள்.

பிரதேச செயலகத்தையும் மாற்றிப் போய்விடாதீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகத்துக்குள் வருகின்றன. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, முகத்துவாரம் கொழும்புப் பிரதேச செயலகத்துக்குள். தெஹிவளைக்குத் தனிச் செயலகம்.

2. அவரோடு தனியாகப் பேசுங்கள்

மகனோ மருமகளோ வீட்டு உதவிக்காரரோ அருகில் இல்லாமல் பேசுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் அம்மா அந்த முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவா. காலை நேரம் நல்லது. டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ளவர்களில் பலருக்கு மாலையானால் குழப்பம் கூடும்.

எங்கே இருக்க விருப்பம், யாரை நம்புகிறார், யார் வந்தால் பயம், என்ன சாப்பாடு, எந்தக் கோயில், வருத்தம் முற்றினால் என்ன செய்ய வேண்டும், இறந்தால் கிரியைகள் எப்படி. இவற்றை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். இன்று சொல்லக்கூடியதை அடுத்த வருடம் அவரால் சொல்ல முடியாமல் போகலாம். நீங்கள் பின்னால் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் இந்தக் கொப்பிதான் ஆதாரம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. அதன் 12ஆவது உறுப்புரை, ஒருவருக்கு முடிவெடுக்க உதவி தேவைப்பட்டாலும் அவருடைய விருப்பத்தையும் தெரிவையும் மதிக்கச் சொல்கிறது. வங்கிக் கணக்கைப் பார்க்க முடியாதவருக்கு, தான் எந்த அறையில் படுப்பது என்று சொல்ல முடியாது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு விடயத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

3. மறதி என்று முடிவு கட்டும் முன் வைத்தியம்

ஒருவருக்குச் சில நாட்களுக்குள் திடீரெனக் குழப்பம் வந்திருந்தால் அதை டிமென்ஷியா என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக வருவது. திடீர்க் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்று, நியூமோனியா, இரத்தத்தில் சோடியம் குறைவது, சீனி ஏறி இறங்குவது, புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை போன்றவை காரணமாக இருக்கலாம். வயதானவர்கள் விழுந்து சில வாரங்களுக்குப் பிறகுகூட மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்து குழப்பம் வரலாம். தைரொயிட் குறைபாடு, பி12 விட்டமின் குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைப் போலவே தெரியும். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. குணமாகக்கூடிய ஒருவரின் உரிமைகளை நீதிமன்றக் கட்டளையால் எடுத்துவிடுவது பெரிய அநியாயம்.

காதையும் கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காது கேட்காதவர் கேள்விக்குப் பொருந்தாத பதில் சொல்லுவார், பார்ப்பவர்கள் மூளை போய்விட்டது என்பார்கள்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். ஞாபகசக்தியைச் சோதிக்கும் கேள்விகளைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேட்டால், தமிழ் மட்டும் பேசும் ஒரு அம்மா உண்மையில் இருப்பதைவிட மோசமாகத் தெரிவா. இன்றைய திகதி என்ன என்ற கேள்விக்கு மாசிமகம் முடிந்து மூன்றாம் நாள் என்று அவ சொன்னால் அது சரியான பதில்தான். அதைப் புரிந்துகொள்ளும் ஒருவர் எதிரில் இருக்க வேண்டும். ஆகவே தமிழ் பேசும் வைத்தியரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் சொத்தில் பங்கில்லாத ஒருவரை மொழிபெயர்க்க அழைத்துப் போங்கள். மகனே மொழிபெயர்த்தால், அவர் அறியாமலே அம்மாவின் பதிலைத் திருத்திச் சொல்லிவிடுவார். எந்த மொழியில் பரிசோதனை நடந்தது என்பதை அறிக்கையில் எழுதும்படி கேளுங்கள்.

நீதிமன்றத்துக்குப் பெரும்பாலும் மனநல விசேட வைத்திய நிபுணரின் அறிக்கை தேவைப்படும். அரச வைத்தியசாலைகளின் மனநல கிளினிக்குகளிலும் அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்திலும் பார்க்கலாம். அவசரமாக ஆலோசனை வேண்டுமென்றால் அந்த நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

4. நீதிமன்றம் இல்லாமலே முடியுமா என்று பாருங்கள்

அவருக்கு இன்னும் விளங்கிக்கொள்ளும் திறன் இருந்தால் முதலில் வங்கிக்குப் போங்கள். கூட்டுக் கணக்கு அல்லது மற்றொருவர் கணக்கை இயக்குவதற்கான எழுத்து அனுமதி போதுமானதாக இருக்கலாம். ஓய்வூதியம் மட்டுமே வருமானம், காணி பூமி எதுவும் இல்லை என்றால் இதோடு விடயம் முடிந்துவிடலாம்.

அற்றோணித் தத்துவம், அதாவது தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், பற்றிப் பெரிய தவறான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. 'அம்மா அப்பவே எழுதித் தந்தவ' என்று பழைய பத்திரத்தை நீட்டுவார்கள். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் அந்த அதிகாரமும் ஓய்ந்துவிடும். சில நாடுகளில் இருப்பதுபோல, திறன் போனபின்னும் தொடரும் வகை இங்கே இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பத்திரத்தைக் கொண்டு காணி விற்றால் விற்பனையே வழக்குக்குப் போகும். விளங்காத நிலையில் இருக்கும் ஒருவரின் பெருவிரலைப் பிடித்துப் புதிதாக அடையாளம் வைப்பது மோசடி. யார் கேட்டாலும் அதற்குச் சாட்சிக் கையொப்பம் போடாதீர்கள்.

பிரச்சினை வெறும் பணக் கஷ்டம், பிள்ளைகள் பார்க்கவில்லை என்றால் வழி வேறு. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபை இருக்கிறது. தன்னைத்தானே பராமரிக்க முடியாத, 60 வயது நிறைந்த ஒருவர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கேட்டு அங்கே விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்திலுள்ள முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேட்டால் விண்ணப்பத்துக்கு உதவுவார். முதியோர் அடையாள அட்டை, அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு, மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு பற்றியும் அதே பயணத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அரச அலுவலகங்களில் தமிழில் கடிதம் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. தயங்காமல் தமிழிலேயே எழுதுங்கள்.

5. சொத்து யாருடையது என்று உறுதிப்படுத்துங்கள்

மனுவில் சொத்துப் பட்டியல் போட வேண்டும். அதற்கு முன் காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். அம்மாவின் வீடு என்று எல்லோரும் சொல்லும் வீட்டை அவ எப்போதோ மகளுக்கு நன்கொடை உறுதியாக எழுதி, உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்தை மட்டும் தனக்கு வைத்திருப்பா. அப்படியானால் வீட்டை விற்கும் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அதில் வாழும் உரிமையும் வாடகையும் அவவுடையது. மகள் அதை மறந்துபோயிருந்தால் நினைவூட்டுவது உங்கள் வேலை.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட குடும்பமா என்பதையும் கேளுங்கள். அந்தச் சட்டத்தின்படி மனைவி தன் பேரிலுள்ள காணியைக்கூடக் கணவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. கணவருக்குச் சித்த சுவாதீனம் இல்லையென்றால் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை மனைவி கேட்கலாம். தேவை இது ஒன்றுதான் என்றால் அதற்கு மட்டும் மனுச் செய்யுங்கள்.

6. மாவட்ட நீதிமன்றத்தில் மனு

குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 556ஆம் பிரிவிலிருந்து இதற்கான ஏற்பாடுகள் வருகின்றன. சொத்துள்ள ஒருவர் சித்த சுவாதீனம் அற்றவரா, தன் அலுவல்களைப் பார்க்க முடியாதவரா என்று அவர் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நீதிமன்றம் விசாரிக்கும். கொழும்பில் அது புதுக்கடை. தெஹிவளை, கல்கிசைப் பக்கத்தவர்களுக்குக் கல்கிசை. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமானத்தைக் காட்டி உதவி கேட்கலாம்.

மனு, சத்தியக்கடதாசி, வைத்திய அறிக்கை, உறவைக் காட்டும் சான்றிதழ்கள், வதிவிடச் சான்றிதழ், சொத்துப் பட்டியல் ஆகியவை தேவை. தமிழில் உள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்த்து வையுங்கள். வழக்கு உங்களுக்கு விளங்காத மொழியில் நடந்தால் உரைபெயர்ப்புக் கேட்கும் உரிமையை அரசியலமைப்பு தருகிறது.

வழக்கு இழுபடுவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் உறவினர்களை மறைப்பது. சண்டைபிடித்துப் பிரிந்த ஒரு சகோதரனை மனுவில் காட்டாமல் விடுவார்கள். அவர் எப்படியும் அறிந்து நடுவில் வந்து நிற்பார். அப்போது நீதிபதிக்கு மனுதாரர் மேலேயே நம்பிக்கை போய்விடும். எல்லா நெருங்கிய உறவினரையும் எதிர்மனுதாரராகக் காட்டுங்கள். சம்மதிக்கிறவர்களிடம் சத்தியக்கடதாசி வாங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் ஒப்பமிட்டு அனுப்பலாம். இதற்கு நேரம் பிடிக்கும், ஆகவே மனு எழுதத் தொடங்கும் அன்றே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

யாரைப் பற்றிய வழக்கோ அவருக்கும் அறிவித்தல் போக வேண்டும். இதை வெறும் சடங்காக எடுக்காதீர்கள். என்ன நடக்கிறது என்று நீங்களே முன்கூட்டி எளிய வார்த்தைகளில் அவருக்குச் சொல்லுங்கள். நீதிபதி அவரை நேரில் பார்க்க விரும்பினால் வாகனம், சக்கர நாற்காலி, குடிக்கும் மருந்து, மாற்றுடை எல்லாம் ஆயத்தமாக இருக்கட்டும். நீதிமன்ற வளாகத்தில் காத்திருக்கும் நேரம் ஒரு முதியவருக்குக் கடினமானது.

நீதிமன்றத்திடம் கேட்பதைத் தெளிவாகப் பிரித்துக் கேளுங்கள். ஆளைப் பார்க்கும் பாதுகாவலர் ஒருவர், சொத்தைப் பார்க்கும் முகாமையாளர் ஒருவர். சொத்துக்கு வாரிசாகப் போகிறவர் இரண்டு பொறுப்பையும் தான் ஒருவரே வைத்திருப்பதை நான் விரும்புவதில்லை. நல்ல பிள்ளையாக இருந்தாலும், செலவு செய்யாமல் விட்டால் மிச்சம் தனக்கு என்ற நிலையில் அவரை நிறுத்தக் கூடாது. குடும்பத்துக்குள் ஒத்துவராவிட்டால் சொத்து விடயத்தில் பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் திணைக்களத்தின் ஆலோசனையையும் சட்டத்தரணி மூலம் கேட்டுப் பாருங்கள்.

எந்த வங்கி, எந்தக் கணக்கு இலக்கம், எந்த நிலையான வைப்பு, மாதம் எவ்வளவு எடுக்கலாம் என்பதைக் கட்டளையில் குறிப்பிடும்படி கேளுங்கள். வங்கி உத்தியோகத்தர் கட்டளையில் எழுதியிருப்பதைத்தான் பார்ப்பார். 'சொத்துக்களை நிர்வகிக்கலாம்' என்று பொதுவாக இருந்தால் மறுபடி நீதிமன்றத்துக்கு அலைய வேண்டி வரும். உங்கள் உழைப்புக்குக் கொடுப்பனவு வேண்டுமென்றால் அதையும் இப்போதே கேளுங்கள். பின்னால் நீங்களாக எடுத்தால் களவு என்பார்கள். கட்டளை கிடைத்ததும் உறுதிப்படுத்திய பிரதிகள் பலவற்றை எடுத்து வையுங்கள்.

7. நியமனம் கிடைத்த முதல் மாதம்

வீட்டிலுள்ளவற்றைப் பதிவு செய்யுங்கள். உறவில்லாத ஒரு சாட்சியோடு, ஒவ்வோர் அறையாக, படம் எடுத்து எழுதுங்கள். அலுமாரியில் சேலை மடிப்புக்குள், சாமிப் படத்துக்குப் பின்னால், பழைய பிஸ்கட் டின்னுக்குள் பாருங்கள். அடகுச் சீட்டுகள் அங்கேதான் இருக்கும். தவணை தாண்டினால் நகை ஏலத்துக்குப் போய்விடும் என்பதால் முதலில் பார்க்க வேண்டியவை அவைதான். நகைகளை வங்கி லொக்கருக்கு மாற்றுங்கள். ஆனால் அவர் தினமும் போடும் மோதிரத்தையும் தோட்டையும் விட்டுவிடுங்கள்.

வங்கி, பிரதேச செயலக ஓய்வூதியக் கிளை, மின்சாரம், நீர் ஆகியவற்றுக்குக் கட்டளையின் பிரதியோடு கடிதம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். ஓய்வூதியக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டும் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும், மறந்தால் பணம் நின்றுவிடும்.

வேறு எதையும் இந்த மாதத்தில் மாற்றாதீர்கள். வீட்டை ஒதுக்கி, பழைய சாமான்களை எறிந்து, பராமரிக்கும் ஆளையும் மாற்றினால் மறதியுள்ளவர் தன் வீட்டிலேயே வழி தெரியாமல் தவிப்பார்.

8. பணம்

அவருடைய பணம் ஒரு சதமும் உங்கள் கணக்கில் விழக் கூடாது. அவர் பேரில் தனிக் கணக்கு, அதிலிருந்து காசோலை அல்லது வங்கி மாற்றம். சில்லறைச் செலவுக்கு ஒரு சிறு தொகை, அதற்கு ஒரு கொப்பி. பாமசிப் பற்றுச்சீட்டின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். அன்றே படம் எடுங்கள்.

காணி விற்பது, ஈடு வைப்பது, நீண்ட குத்தகைக்குக் கொடுப்பது எதுவானாலும் நீதிமன்ற அனுமதி முதலில், பேச்சு பிறகு. முற்பணம் வாங்கிவிட்டு அனுமதி கேட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அனுமதி கிடைக்காவிட்டால் அந்தப் பணத்துக்கு அவர்களே பொறுப்பு. நீதிமன்றம் குறித்த தவணைக்குள் சொத்து விபரத்தையும் கணக்கையும் சமர்ப்பியுங்கள்.

9. ஆளைப் பார்ப்பது

புதியவர்கள் பத்திரத்தோடு போராடிக் களைத்து, ஆளை வீட்டு உதவிக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நீங்கள் வந்ததே ஆளுக்காக.

சொல்லாமல், வெவ்வேறு நேரங்களில் போங்கள். எப்போதும் ஞாயிறு பத்து மணிக்கே போனால் ஞாயிறு பத்து மணிக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். உட்கார்ந்து தேநீர் குடிப்பதற்கு முன் நான்கு இடங்களைப் பாருங்கள்: குளிர்சாதனப் பெட்டி, மருந்துப் பெட்டி, கழிவறை, படுக்கை. மருந்து அட்டையில் மிச்சமிருக்கும் குளிசைகளை எண்ணிக் கணக்குப் பாருங்கள். தூக்க மாத்திரை கணக்கைவிட வேகமாகக் குறைந்தால் யாரோ தங்கள் வசதிக்காக அவரைத் தூங்க வைக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

உடுப்பு தொளதொளத்திருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, நாக்கு காய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். படுக்கையில் இருப்பவரின் இடுப்பு, முதுகின் அடிப்பகுதி, குதிக்கால் ஆகிய இடங்களில் தோல் சிவந்து, அழுத்தினாலும் நிறம் மாறாமல் இருந்தால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். விழுங்கக் கஷ்டப்படுகிறவரைப் படுத்தபடி ஊட்ட விடாதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாடு சுவாசப்பைக்குள் போய் நியூமோனியா வரலாம்.

பராமரிப்பாளரோ முதியோர் இல்லமோ தேடும்போது தமிழ் பேசும் ஒருவராவது இருக்கிறாரா என்பது என் முதல் கேள்வி. டிமென்ஷியா முற்றும்போது பலருக்குப் பின்னால் கற்ற மொழிகள் முதலில் போகலாம், தாய்மொழி அதிக காலம் நிற்கலாம். அலுவலகத்தில் காலமெல்லாம் சிங்களமும் ஆங்கிலமும் பேசிய ஐயா ஒருநாள் தமிழ் மட்டும் பேசத் தொடங்கலாம். 'தண்ணி' என்று கேட்பது யாருக்கும் விளங்காத வீட்டில் அவர் இருக்கக் கூடாது. வாழ்நாள் முழுக்க மரக்கறி மட்டும் சாப்பிட்டவருக்கு, இப்போது அவருக்குத் தெரியாது என்பதற்காக மீன் குழம்பு ஊட்டக் கூடாது. அவருக்குத் தெரியாமல் போனாலும் உங்கள் கொப்பியில் எழுதியிருக்கிறது.

பராமரிப்பாளருக்கும் விடுமுறை, ஒழுங்கான சம்பளம், இரவில் நித்திரை வேண்டும். அடி, திட்டு, புறக்கணிப்பு நடக்கும் வீடுகளில் பல, ஓய்வே இல்லாத ஒருவரிடம் எல்லாம் விட்ட வீடுகள்தான்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை தொங்கட்டும்: கிளினிக் கொப்பி, அடையாள அட்டைப் பிரதி, மருந்துப் பட்டியல், ஒவ்வாமை விபரம், கட்டளையின் பிரதி. 1990க்கு அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வரும். அந்த நேரத்தில் அலுமாரியைக் கிளறிக்கொண்டு நிற்கக் கூடாது.

10. தொலைவிலிருக்கும் பிள்ளைகள்

வாட்ஸ்அப் குழு ஒன்றில் எல்லோரையும் சேர்த்து, மாதம் ஒருமுறை ஒரே அறிக்கையை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள்: உடல்நிலை, செலவு, அடுத்த மாதத் திட்டம். ஒருவரிடம் தனியாகச் சொன்னது இன்னொருவருக்கு வேறுவிதமாகப் போய்ச் சேரும். முடிவு கேட்கும் விடயங்களுக்குப் பதில் தர ஒரு திகதி குறியுங்கள். அம்மாவோடு அவர்கள் காணொளியில் பேசும் நேரத்தையும் ஒழுங்கு செய்யுங்கள், அவ பேசும் பாதியில் கைபேசியை வாங்காதீர்கள்.

11. 18 வயது நிறையும் பிள்ளை

அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள மகனுக்கோ மகளுக்கோ தாங்கள்தான் எப்போதும் பாதுகாவலர் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். 18 வயதோடு அந்தப் பிள்ளை சட்டப்படி முழு ஆள். அதற்கு முன்பே அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, வைத்தியப் பதிவுகளை ஒழுங்கு செய்யுங்கள். பெற்றோரில் ஒருவர் அரச ஊழியராக இருந்தால், விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குரிய ஏற்பாட்டை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஓய்வூதியக் கிளையில் விசாரியுங்கள். இருவரும் போனபின், பிள்ளையின் குறைபாடு எப்போது தொடங்கியது என்று நிரூபிக்கும் பழைய வைத்தியத் துண்டுகள் யாரிடமும் இருப்பதில்லை.

12. பொறுப்பு முடியும்போது

அவர் தேறிவிட்டால் கட்டளையை நீக்கக் கேட்பதும் உங்கள் கடமை. அதற்காக ஆண்டுக்கு ஒருமுறையாவது வைத்தியரிடம் மறுபரிசோதனை செய்யுங்கள்.

அவர் இறந்தால் அந்த நிமிடத்தோடு உங்கள் அதிகாரம் முடிகிறது. செத்தவீட்டுச் செலவுக்கென்று அடுத்த நாள் வங்கியில் போய்ப் பணம் எடுக்கக் கூடாது. கிரியைச் செலவை எப்படிச் சமாளிப்பது என்று பிள்ளைகளோடு முன்பே பேசி வையுங்கள். கொப்பியில் அவர் சொன்ன விருப்பத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பிறகு இறுதிக் கணக்கை நீதிமன்றத்தில் கொடுத்து, வீட்டுச் சாவி, வங்கிப் புத்தகங்கள், உறுதிகள், நகைப் பட்டியல் ஆகியவற்றைச் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் பெற்றவரிடம் ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். உங்கள் பிரதிகளை எறிந்துவிடாமல் பத்திரமாக வையுங்கள். வாரிசு வழக்கு வந்தால் உங்களைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள்.